ஜிப் தெரிகிற பூதம்

வேற்றுக்கிரகத்திலிருந்து நான் பூமிக்கு வந்து இறங்கிய இடம் பினாங்குத் தீவின் பாலிக் புலாவில் ஒரு டுரியான் தோட்டம். நேரம், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

உடம்பு முழுக்கப் பச்சை. பெயிண்ட் அடிக்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் முழு உடுப்புக்குச் சாயம் ஏற்றி, முட்டை அடுக்குகிற அட்டைகளை வெட்டிச் செதில் செதிலாக ஒட்டியிருந்தோம். தலையில் மோட்டார் ஹெல்மட். அதைச் சுற்றி டயர் டியூப். கண்களுக்கு இரண்டு பிங்பாங் பந்துகள், வாய்க்கு என் சொந்த வாயேதான். அந்த உடுப்பின் ஜிப் முன்பக்கம் இருக்கும். பூதத்துக்கு நெஞ்சில் ஜிப் இருந்தால் நன்றாக இருக்காதே என்று உடுப்பையே முன்பின்னாகத் திருப்பிப் போட்டிருந்தேன். இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மட் வேஷத்துக்காக மட்டும் இல்லை. அது தேங்காய் அளவு முள்பழமான டுரியான் காய்த்துக் கொட்டுகிற சீசன். தோட்டத்து முதலாளி தவுக்கே ஆ சூன் முதலிலேயே சொல்லிவிட்டார், எந்தக் கிரகத்து ஆளாக இருந்தாலும் என் மரத்தடியில் ஹெல்மட் இல்லாமல் நிற்கக்கூடாது என்று.

என் மனைவியின் தம்பி ஜேம்ஸ்தான் கேமரா. கேமரா என்றால் அவனுடைய கைப்பேசி. "ஆக்‌ஷன்" என்றான். நான் மரத்துக்குப் பின்னாலிருந்து, கைகளில் பச்சைக் குழம்பு வழிய வழிய, மெல்ல வெளியே வந்தேன்.

ஓரிரண்டு அடி வைத்திருப்பேன். பிடரியில் யாரோ ஊசியால் குத்தினார்கள். பிறகு இடுப்பில். பிறகு சொல்லக்கூடாத இடத்தில்.

பச்சைக் குழம்பின் கதை

பூதம் என்றால் மேலிருந்து ஏதாவது வழிய வேண்டும். அது இந்த வகைப் படங்களின் சட்டம். வெளிநாட்டில் அதற்கு என்ன கரைசல் செய்கிறார்களோ தெரியாது. பினாங்குக்காரன் மூளையில் 'பச்சையாக, வழவழப்பாக, நெளிநெளியாக' என்றதும் ஒன்றே ஒன்றுதான் வந்து நிற்கும். செண்டோல்.

ஆயர் ஈத்தாம் பாசாரில் ஒரு வாளி நிறைய வாங்கினோம். பாண்டான் இலைச் சாற்றில் மாவு பிழிந்து செய்து, தேங்காய்ப்பாலும் ஐஸும் சேர்த்துச் சாப்பிடுகிற அந்தப் பச்சைப் புழுக்களைச் சோளமாவுக் கஞ்சியில் கலந்தோம். கொஞ்சம் மினுமினுப்பு வேண்டும் என்று ஜேம்ஸ் பனைவெல்லப் பாகையும் ஊற்றினான். "நேச்சுரல் கலர் லா மச்சான்" என்றான்.

இப்படி ஒரு மனிதனைத் தலை முதல் கால் வரை இனிப்புப் பூசி, மரத்துக்கு மரம் கெரெங்கா கூடு கட்டியிருக்கிற தோட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தினோம். கெரெங்கா என்பது சிவப்பு எறும்பு. கடித்தால் விடாது. விட்டாலும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப வரும்.

நான் கத்தினேன். "ஐயோ மாதாவே, ஜிப்பைக் கழட்டுடா" என்று கத்தினேன். ஜிப் முதுகில். என் கைகளிலோ நகங்களுக்காக ஒட்டிய பிளாஸ்டிக் கரண்டிகள். எட்டவே இல்லை. மரத்தைச் சுற்றி ஓடினேன், புரண்டேன், எழுந்து ஆடினேன்.

ஜேம்ஸ் படம் பிடிப்பதை நிறுத்தவில்லை. அவன் கண்ணில் தண்ணீர்.

"சூப்பர் மச்சான். அப்படியே இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல உருளுங்க."

ஆ சூன்தான் கடைசியில் தண்ணீர்க் குழாயோடு ஓடிவந்து என்னைக் காப்பாற்றினார். வேற்றுக்கிரகப் படையெடுப்பு இந்தத் தீவில் அப்படித்தான் முறியடிக்கப்பட்டது.

பேரன் பேத்தி எடுக்கிற வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். ஒன்று பழையது, மற்றொன்று புதியது.

கீழ்த்தட்டு

பழைய காரணத்தின் பெயர் ஹமீது நானா. டவுனில் ஒரு குறுகிய சந்தில் வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். கடைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே காத்திருக்க வேண்டும். ஊதுபத்தி வாசனையும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் கலந்து அடிக்கும்.

அலமாரித் தட்டுகளில் அவரே எழுதி ஒட்டியிருப்பார். மேலே 'அழுகை'. அதற்குக் கீழே 'அடிதடி'. அதற்கும் கீழே 'ஆவி'. எல்லாவற்றுக்கும் அடியில், குனிந்து தரையில் உட்கார்ந்தால்தான் தெரிகிற தட்டில் 'மத்தது'.

நான் அந்த 'மத்தது' தட்டில்தான் வளர்ந்தேன்.

அட்டைப்படத்தில் ஒரு பெண் அலறுவாள். பின்னால் நண்டுக்கும் யானைக்கும் பிறந்தது போல ஒன்று நிற்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால், அட்டையில் இருந்த பூதம் படத்தில் இருக்காது. அதைவிட ஏழையான வேறொரு பூதம் வரும்.

விண்கலம் என்பது சோற்றுச் சட்டியின் மூடி. தொங்கவிட்ட நூல் வெளிச்சத்தில் பளபளக்கும். வேறு வேறு கிரகங்கள் என்று காட்டுவதெல்லாம் ஒரே கல்லுடைக்கும் மலைதான், லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாள் பிடித்தால் செவ்வாய், நீலம் பிடித்தால் வேறு ஏதோ. ஒரு விஞ்ஞானி எப்போதும் வெள்ளைக் கோட்டோடு நிற்பார். எட்டுக் கை, மூன்று கண், வாயில் நுரையோடு ஒன்று எதிரே நிற்கும்போது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இது நம் உலகத்தைச் சேர்ந்தது இல்லை என்று அறிவிப்பார். எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூட அதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

பூதம் நடக்கிற வேகத்தைச் சொல்லவே வேண்டாம். அது யாரையாவது பிடிக்க வேண்டுமென்றால், ஓடுகிறவர்கள் தயவுசெய்து விழ வேண்டும்.

இந்தப் பூதங்கள் ஏன் எப்போதும் அமெரிக்காவிலேயே வந்து இறங்குகின்றன என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பினாங்கிலும் இறங்கப் பார்த்திருக்கும். பார்க்கிங் கிடைத்திருக்காது. ஜார்ஜ் டவுனை நாலு சுற்று சுற்றிவிட்டு, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, சம்மன் வாங்கிக்கொண்டு திரும்பிப் போயிருக்கும்.

ஒருநாள் நான் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "நானா, பூதத்தோட முதுகுல ஜிப் தெரியுது" என்று புகார் சொன்னேன். ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபம்.

ஹமீது நானா மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"ஜிப் தெரிஞ்சா நல்ல படம் தம்பி. உள்ளே ஆள் இருக்கான்னு அர்த்தம்."

கிண்டல் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு பெரிய திரையில், கோடி கோடியாகக் கொட்டி எடுத்த படங்களையெல்லாம் பார்த்தேன். அந்தப் பூதங்களின் தோலில் மயிர்க்கால்கூடத் தெரிகிறது. எச்சில் ஒழுகுவதில் ஒரு குறை இல்லை. எனக்குத்தான் பயம் வரவில்லை. உள்ளே ஆள் இல்லை.

மட்டமான படத்தில் அப்படி இல்லை. ரப்பர் உடுப்புக்குள் ஒரு மனிதன் வெந்துகொண்டிருக்கிறான். கண் சரியாகத் தெரியாமல் நாற்காலியில் இடித்துக்கொள்கிறான். சாப்பிட்டானா, தண்ணீர் குடித்தானா தெரியாது. கையைத் தூக்கி 'ஆ' என்கிறான். நமக்குப் பயமும் வருகிறது, ஐயோ பாவம் என்றும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிற இடம் உலகத்தில் அதிகம் இல்லை. எனக்குத் தெரிந்து இன்னொன்று கல்யாண வாழ்க்கை.

அதில்லாமல் எனக்குத் தொழில் பாசமும் உண்டு. பாயான் லெப்பாஸில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில், தூசு நுழையாத அறையில்தான் என் வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே. பாதி வாழ்க்கை வேற்றுக்கிரகவாசியாகவே இருந்து சம்பளம் வாங்கியவன் நான். மூக்கு அரித்தால் சொறிய முடியாமல் நின்றவனுக்குத்தான் பூதத்தின் கஷ்டம் தெரியும்.

பக்கத்து நாற்காலி

இனி புதிய காரணம். அதன் பெயர் லூர்து. என் மனைவி.

அவளுக்கு இந்தப் படங்கள் பிடிக்காது. பிடிக்காது என்று சொல்லிக்கொண்டே ஒன்றையும் விடாமல் பார்ப்பாள். சனிக்கிழமை மத்தியானம், ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டில், நான் படத்தைப் போட்டதும் நெத்திலித் தட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவாள். நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே பூதத்தைத் திட்டுவாள். 'போகாதேடி, கதவுக்குப் பின்னாடிதான் நிக்கிறான்', 'இந்த விஞ்ஞானிக்கு வேலை கொடுத்தது யாரு', 'ஒரு தொடப்பம் எடுத்து நாலு போட்டா ஓடிடும், இதுக்கு எதுக்கு ராணுவம்'. படத்தின் வசனத்தைவிட அவள் வசனம் நன்றாக இருக்கும்.

பாலர் பள்ளி ஆசிரியை. குரல் என்றால் அப்படி ஒரு குரல். மாதா கோயிலில் தமிழ்ப் பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பது வருஷக்கணக்காக அவள்தான். பிரசங்கத்தில் தூங்கப்போகிறவர்கள்கூட அவள் வாசித்து முடியட்டும் என்று காத்திருந்துவிட்டுத் தூங்குவார்கள். நானும்தான்.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி. பயப்படும்படியானது இல்லை என்றார்கள், எடுத்துவிட்டார்கள். ஆனால் குரல் நரம்பு ஒன்று அயர்ந்துபோனது. மயக்கம் தெளிந்து அவள் தண்ணீர் கேட்டபோது வேறு யாரோ கேட்டார்கள். கரகரவென்று, அடித்தொண்டையில், மணல் லாரியைக் கவிழ்த்துக் கொட்டுகிற மாதிரி ஒரு குரல்.

டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். பழைய குரல் திரும்பாது, ஆனால் பேசப் பேச இந்தக் குரல் வலுப்படும், பேசாமல் இருந்தால் இதுவும் போய்விடும்.

லூர்துவும் முதலில் பேசத்தான் செய்தாள். ஒருநாள் பாசாரில் மீன்காரரிடம் கெம்போங் மீன் என்ன விலை என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து, அவளைத் தாண்டி, எந்த ஆம்பளை கேட்டது என்று சுற்றிலும் பார்த்தார். அவ்வளவுதான். அன்றைக்கு மீன் வாங்காமல் வந்தாள். அதற்குப் பிறகு வாசலுக்கு வெளியே வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் வீட்டுக்குள்ளேயும் நிறுத்திவிட்டாள்.

எல்லாம் வாட்ஸ்அப். நான் ஹாலில் இருப்பேன், அவள் அடுப்படியில் இருப்பாள், கைப்பேசி 'டிங்' என்னும். 'சோறு ரெடி.' எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதும் 'டிங்'. 'ரசம் ஊத்தவா?' வாசகம் வாசிக்க எப்போது வருகிறீர்கள் என்று பங்குக் குரு ஃபாதர் ஜூட் கேட்டதற்கும் 'டிங்'. 'வேறு ஆளைப் பாருங்கள் ஃபாதர்.'

சனிக்கிழமைப் படங்கள் தொடர்ந்தன. நெத்திலித் தட்டும் வந்தது. திட்டு மட்டும் இல்லை. அந்தப் படங்கள் எவ்வளவு மட்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஜெபக்குழுவில் ஒரு பூதம்

கோயிலில் வருஷாவருஷம் குடும்ப விழா நடக்கும். ஒவ்வொரு வட்டார ஜெபக்குழுவும் ஒரு நிகழ்ச்சி கொடுக்க வேண்டும். எங்கள் குழு எப்போதும் புனிதர் நாடகம்தான் போடும். எந்தப் புனிதராக இருந்தாலும் ஒரே தாடிதான். அந்தத் தாடிக்கு இப்போது பல்லி முட்டை வாசனை வந்துவிட்டது.

இந்த வருஷத் தலைப்பு 'அச்சத்தை வெல்வோம்' என்று ஃபாதர் ஜூட் அறிவித்தார். நான் எழுந்து, வெல்வதற்கு முதலில் அச்சம் ஒன்று வேண்டுமே ஃபாதர், நாங்கள் ஒரு வேற்றுக்கிரகப் பூதப் படம் எடுக்கிறோம் என்றேன். கூட்டம் என்னைப் பார்த்த பார்வையை நான் ஃபேக்டரியில் சிகரெட் பற்றவைத்தவன் மேல்தான் பார்த்திருக்கிறேன்.

ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "பூதம் கடைசியில மனந்திரும்புமா?"

ஞானஸ்நானமே கொடுத்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன்.

உண்மையில் எனக்கு அச்சத்தை வெல்கிற எண்ணமெல்லாம் இல்லை. நான் போட்ட கணக்கு வேறு. இவ்வளவு பெரிய கிறுக்குத்தனம் செய்தால் லூர்து என்னைத் திட்டியே ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் முடியாத அளவுக்குத் திட்ட வேண்டும்.

முட்டை அட்டைகளை ஹால் முழுக்கப் பரப்பினேன். 'டிங்'. 'முட்டையை எங்கே வைப்பது?' அவளுடைய மாவு வாளியில் செண்டோல் கலக்கினேன். 'டிங்'. 'கழுவி வைக்கவும்.' கெரெங்கா கடித்து, ஒரு கண் மூடி, உதடு தொங்க, பலூன் மாதிரி வீட்டுக்கு வந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு அசைந்த மாதிரிகூட இருந்தது. 'டிங்'. 'வேஷத்தைக் கழற்றவில்லையா?'

கழற்றியிருந்தேன்.

குளியலறையில்

ஜேம்ஸ் அதுவரை எடுத்த படத்தைப் போட்டுக் காட்டினான். கதைப்படி பூதம் கிராமத்துக்குள் வந்து, எங்கள் ஜெபக்குழு செல்வி அக்காவைத் துரத்துகிறது. அக்கா ஓடித் தடுக்கி விழ வேண்டும். முட்டி வலி, விழமாட்டேன், வேண்டுமானால் உட்கார்ந்துகொள்கிறேன் என்று அக்கா சொல்லிவிட்டதால், கதாநாயகி பாதி தூரம் ஓடி, ஒரு கல்லைத் துடைத்துவிட்டு உட்கார்ந்து, பூதம் வரும் வரை காத்திருக்கிறார். ஹமீது நானா இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்.

பிரச்சினை சத்தத்தில். பல கோடி மைல் தாண்டி வந்த பூதம் 'ஐயோ மாதாவே' என்று தமிழில் கூப்பிட்டுக்கொண்டு மரத்தைச் சுற்றி ஓடுகிறது. ஃபாதருக்குப் பிடிக்கலாம், ஆனால் மனந்திரும்ப இன்னும் பாதிப் படம் பாக்கி இருக்கிறது. குரலை மாற்றியே ஆக வேண்டும்.

எதிரொலி நன்றாக இருக்கும் என்று குளியலறையைத் தேர்ந்தெடுத்தோம். ஜேம்ஸ் கைப்பேசியை வாளிக்குள் வைத்தான். நான் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உறுமினேன். சளி பிடித்த ஆடு கத்துகிற மாதிரி இருந்தது. மூச்சை அடக்கி மறுபடி உறுமினேன். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, எங்களுக்கு மாக்சிக், கதவைத் தட்டி, யாருக்கு உடம்பு சரியில்லை என்று மலாயில் கேட்டு, ஒரு சீசா தைலத்தை நீட்டிவிட்டுப் போனார்.

ஜேம்ஸ் நல்லவன். "பரவால்ல மச்சான், இன்னொரு தடவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

அடுப்படியிலிருந்து 'டிங்'. 'அது பூதம் இல்லை. மலச்சிக்கல்.'

நான் விடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை உறுமினேன். அடுப்படியில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. 'டிங்' வரவில்லை. காலடி வந்தது. லூர்து சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"தள்ளுங்க."

தள்ளினேன். அவள் வாளிப் பக்கம் குனிந்து, மூச்சை இழுத்து, ஒரு உறுமல் விட்டாள்.

என்னத்தைச் சொல்ல. அது தொண்டையிலிருந்து வந்த மாதிரியே இல்லை. ஆயர் ஈத்தாம் குன்றுக்கு அடியில் ஏதோ பெரிய பாறை புரண்டு படுத்த மாதிரி இருந்தது. ஜேம்ஸின் கை மயிர் நட்டுக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பக்கத்து வீட்டில் சட்டென்று டிவியை அணைத்தார்கள்.

அவளே கொஞ்சம் திடுக்கிட்டுப் போனாள். இன்னொரு தடவை செய்து பார்த்தாள். பிறகு கதையைக் கேட்டாள். நான் சொன்னேன். ஊரார் ஜெபம் செய்ய, பூதம் முழங்காலிடும் என்றேன்.

"அது எதுக்கு ஊருக்குள்ள வந்துச்சு? பசிக்குதுன்னுதானே? அதைச் சொல்ல வேணாமா?" என்றாள். நான் ஜேம்ஸைப் பார்த்தேன். ஜேம்ஸ் கூரையைப் பார்த்தான். எத்தனை வாரத்துக்குப் பிறகு வாட்ஸ்அப் இல்லாமல் ஒரு முழு வாக்கியம். அதுவும் மூன்று கேள்விக்குறியோடு.

இன்னும் படம் பிடிக்காத கடைசிக் காட்சியின் முடிவையும் வசனத்தையும் அவளே மாற்றினாள், அவளே பேசினாள். முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். யார் குரல் என்று மூச்சு விடக்கூடாது. படத்தில் பெயர் வரக்கூடாது. விழாவுக்கு அவள் வரமாட்டாள்.

மறுபடி அடுப்படிக்குப் போனாள். சிறிது நேரத்தில் 'டிங்'. 'டீ ரெடி.'

ஒயர் கழன்ற இடம்

விழா ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் மண்டபத்தில். பிரியாணி சாப்பிட்ட கையோடு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல்களுக்கு மேசை விரிப்புகளைக் கட்டி இருட்டாக்கினோம். பூதம் நேரில் வந்து படத்தைத் தொடங்கி வைக்கும் என்று ஜேம்ஸ் சொல்லியிருந்ததால் நான் முழு வேஷத்தில் மேடை ஓரத்தில் நின்றேன். செண்டோல் இல்லாமல்.

பிங்பாங் பந்துக்கு நடுவே உள்ள ஓட்டை வழியாகப் பார்த்தேன். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில், லூர்து. கைப்பையை மடியில் வைத்து, எந்த நிமிஷமும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. சிரிக்கக்கூடாத இடத்திலெல்லாம் சிரித்தார்கள். முட்டை அட்டைக்குச் சிரித்தார்கள். செல்வி அக்கா கல்லைத் துடைத்து உட்கார்ந்ததற்குக் கைதட்டினார்கள். அப்போது பூதம் முதல் தடவை உறுமியது.

சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலிகள் கிரீச்சிட்டன. முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் அம்மா மடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரியவர்களே கொஞ்சம் பின்னால் சாய்ந்தார்கள். ஓட்டை வழியாகக் கடைசி வரிசையைப் பார்த்தேன். லூர்து திரையைப் பார்க்கவில்லை. பார்க்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. ஊரார் பூதத்தைச் சூழ்ந்து நிற்கிறார்கள். பூதம் வாயைத் திறக்கிறது. சத்தமே இல்லை.

எங்கள் மண்டபத்து ஸ்பீக்கர் ஒயர் ஒவ்வொரு விழாவிலும் ஏதாவது ஒரு இடத்தில் கழன்று விழும். இந்த வருஷம் இங்கே. ஜேம்ஸ் மேசைக்கு அடியில் பாய்ந்தான். திரையில் பூதம் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. யாரோ விசில் அடித்தார்கள். நான் சமாளிக்கப் பார்த்து, மேடைக்கு நடுவே போய் நின்று, கரண்டி நகங்களைத் தூக்கி, என் சொந்தக் குரலில் உறுமினேன்.

சளி பிடித்த ஆடு. மண்டபம் கூரை பிய்ந்து போகிற மாதிரி சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு மேலாகத்தான் பின்னாலிருந்து அது வந்தது. மைக் இல்லை. வாளி இல்லை. பாறை புரண்டது. எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் திரும்பியது. லூர்து எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கைப்பை கீழே விழுந்திருந்தது. திரையில் பூதத்தின் வாயைப் பார்த்துக்கொண்டே, அது திறக்கிற நேரத்துக்குச் சரியாகப் பேசினாள்.

"எனக்கும் பசிக்கும்ல. எல்லாரும் கல்லைத் தூக்குறீங்க. ஒரு ஆள் வாசல்ல நின்னு, வா, வந்து உட்காருன்னு கூப்பிட்டிருந்தா நான் ஏன் உறுமப்போறேன்?"

அந்தக் கரகரப்பில் அதைக் கேட்க வேண்டும். மீன்காரர் திரும்பிப் பார்த்த அதே குரல். யாரும் யாரையும் தேடிச் சுற்றிப் பார்க்கவில்லை. அவளையேதான் பார்த்தார்கள்.

திரையில் செல்வி அக்கா நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துப் பூதத்துக்கு நீட்டினார். படம் முடிந்தது. கைதட்டல் கொஞ்சம் தாமதமாக வந்தது, பிறகு நிற்கவில்லை. ஹெல்மட்டுக்குள் எனக்கு வேர்த்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேர்வையைத் துடைக்கக் கை எட்டாமல் நான் நின்றபோது, அந்தச் சின்னப் பெண் எப்படியோ மேடையேறி என் பின்னால் வந்து, ஜிப்பைப் பிடித்து இடுப்பு வரை சர்ரென்று இழுத்துவிட்டாள். "ஜிப்பு இருக்கு. இது பொய்ப் பூதம்" என்று மண்டபத்துக்கே அறிவித்தாள். என் பனியனில் இருந்த ஓட்டைகளை அன்றைக்கு மூன்று ஜெபக்குழுக்கள் பார்த்தன.

ஃபாதர் ஜூட் கடைசி வரிசைக்குப் போயிருந்தார். கீழே கிடந்த கைப்பையை எடுத்துக் கொடுத்தார். லூர்து அதை வாங்கித் தட்டிவிட்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

"அடுத்த ஞாயிறு வாசகம் யாருக்கு, ஃபாதர்?"

"உங்களுக்குத்தான், டீச்சர்" என்றார் அவர்.

வீடு வரை காரில் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். பனியனுக்காக, மாவு வாளிக்காக, எறும்புக்காக, முட்டை அட்டைக்காக. எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தாள். நான் வேண்டுமென்றே சுற்றுவழியில் ஓட்டினேன்.

ஞாயிறு

அடுத்த ஞாயிறு நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். முறை வந்ததும் எழுந்து வாசக மேடைக்குப் போனாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். முதல் வார்த்தை கீறிக்கொண்டுதான் வெளியே வந்தது. விசிறிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

முன்வரிசையில் அதே சின்னப் பெண் அம்மா மடியிலிருந்து வெடுக்கென்று நிமிர்ந்தாள். யாரென்று கண்டுபிடித்துவிட்டாள். லூர்துவும் அவளைப் பார்த்தாள். ஒரு கணம் நிறுத்தினாள். உதட்டோரம் ஏதோ ஓடியது. பிறகு, அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக, கரகரவென்று கடைசி வரை வாசித்தாள். ஒருவரும் தூங்கவில்லை. நானே தூங்கவில்லை.

முடித்துவிட்டு அவள் இடத்துக்குத் திரும்பி நடந்தபோது, அந்தப் பெண் இருக்கையிலிருந்து முழுசாக வெளியே எட்டி, லூர்துவின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்பு வரை கவனமாக ஆராய்ந்தாள். பிறகு அம்மா காதில் ரகசியம் சொன்னாள். பாதிக் கோயிலுக்குக் கேட்டது.

"ஜிப்பே இல்லம்மா."